16 முதல் 21 வயது வரை: பன்னாட்டு இளம் நடனப் போட்டி என்றால் என்ன?

காரைக்குடியில் மாலை நேரங்களில் நான் நடத்தும் பரத வகுப்பில், சென்ற மாதம் ஒரு நாள், பிள்ளைகள் சலங்கையை அவிழ்த்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி தன் அம்மாவின் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஐரோப்பியத் தொலைக்காட்சி நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய இளம் நடனக் கலைஞர்களுக்கான போட்டி ஒன்றின் பகுதி அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பியச் செவ்வியல் நடனமான பாலேக்கு உரிய, விரல் நுனியில் நிற்க உதவும் காலணியுடன் ஒரு பெண் ஆடி முடித்தாள். அடுத்து வெறுங்காலுடன் ஓர் இளைஞன் தரையில் புரண்டு எழுந்து ஆடினான். "ரெண்டு பேரும் வேற வேற ஆட்டம் ஆடுறாங்களே டீச்சர், அப்புறம் எதை வச்சு ஒருத்தர்தான் ஜெயிச்சாங்கன்னு சொல்றாங்க?" என்று அவள் கேட்டாள். அவளை அழைத்துப்போக வந்து முகப்பில் அமர்ந்திருந்த அவளுடைய அப்பத்தா, அங்கிருந்தபடியே எட்டிப் பார்த்து, "இந்தப் பிள்ளைகளை யாரு ஆத்தா அனுப்பி வச்சாக? எந்த ஊருக்காக ஆடுறாக?" என்று கேட்டார்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், இப்படிப்பட்ட போட்டி எதைப் பார்த்தாலும் அதன் உள்ளமைப்பு நமக்குப் புரியத் தொடங்கிவிடும். அன்று வாசலில் நின்று அவர்களுக்குச் சொன்னதையே, நடனம் பற்றி முன்னறிவு எதுவும் இல்லாதவர்களும் படிக்கும்படி, சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

அப்பத்தாவின் கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை. பள்ளிகளுக்கிடையே போட்டி நடந்தால் பள்ளி அனுப்புகிறது. மாவட்டப் போட்டி என்றால் அரசுத் துறை அனுப்புகிறது. யூரோவிஷன் இளம் நடனக் கலைஞர்கள் போட்டியில் ஆடுபவரை அனுப்பியது அரசும் அன்று, நடனப் பள்ளியும் அன்று; அந்தந்த நாட்டின் பொதுத் தொலைக்காட்சி நிறுவனம். நம் தூர்தர்ஷனைப் போல, மக்கள் பணத்தில் பொதுநோக்குடன் இயங்கும் நிறுவனங்கள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் உண்டு. அவை ஒன்று சேர்ந்து 1950இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் என்ற அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் இருக்கிறது. ஒரு நாட்டில் எடுத்த நிகழ்ச்சியை மற்ற நாடுகளும் ஒளிபரப்பிக்கொள்வதற்காக அந்த ஒன்றியம் உருவாக்கிய இணைப்புக்கே யூரோவிஷன் என்று பெயர். 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் தொடங்கிய பாட்டுப் போட்டியால் அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. அதற்குப் பிறகு 1982இல் மான்செஸ்டரில் இளம் இசைக்கலைஞர்களுக்கும், 1985இல் இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் இளம் நடனக் கலைஞர்களுக்கும் தனித்தனிப் போட்டிகளை ஒன்றியம் தொடங்கியது. முதல் நடனப் போட்டியில் வென்றவர் ஸ்பெயின் நாட்டின் அராஞ்சா ஆர்குவெயெஸ்.

ஆகவே, திரையின் மூலையில் ஒரு நாட்டின் கொடி தெரிந்தாலும், அங்கே ஆடும் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது அந்நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சில நாடுகளில் உள்நாட்டிலேயே ஒரு தேர்வுப் போட்டி வைத்து, அதையும் ஒளிபரப்பி, வென்றவரை அனுப்பினார்கள். வேறு சில நாடுகளில் நிறுவனமே நேரடியாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. எந்த ஆண்டு எத்தனை நாடுகள் கலந்துகொண்டன என்பதும் அந்த நிறுவனங்களின் விருப்பத்தையும் வசதியையும் பொறுத்தே மாறியது. 2013இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்தபோது 10 நாடுகளும், 2017இல் செக் நாட்டுத் தலைநகர் பிராகாவில் நடந்தபோது 8 நாடுகளும் பங்கேற்றன. நம் நாட்டுப் பிள்ளைகள் ஏன் அதில் ஆடவில்லை என்று பெற்றோர் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். திறமைக் குறைவு அதற்குக் காரணம் இல்லை. அந்த ஒன்றியத்தின் உறுப்பு நிறுவனங்களுக்கு உரிய போட்டி அது என்பதுதான் காரணம்.

இனி அந்தப் போட்டியின் பெயரில் இருக்கும் 'இளம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். பலரும் அதை ஓர் அடைமொழி என்று கடந்துவிடுகிறார்கள். என் கருத்தில், இந்தப் போட்டியின் விதிகள் எல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்தே பிறந்தன. ஆடுபவர் 16 முதல் 21 வயதுக்குள் இருக்க வேண்டியிருந்தது. தொழில்முறை நடனக் குழு எதிலும் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கக் கூடாது என்பதும் விதியாக இருந்தது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். பாலே நடனத்தில் பிள்ளைகள் 10 வயதையொட்டி முறையான பள்ளியில் சேர்ந்து, ஏறத்தாழ 18 வயதில் ஒரு குழுவில் வேலைக்குச் சேர்கிறார்கள். உடல் தாங்கும் காலம் குறுகியது என்பதால், 40 வயதை ஒட்டிப் பெரும்பாலானோர் மேடையை விட்டு விலகிவிடுகிறார்கள். ஆக, 16 முதல் 21 என்பது பயிற்சி பெரும்பாலும் முடிந்து, பிழைப்பு இன்னும் தொடங்காத வயது. வீட்டு முகப்பைக் கடந்து உள்முற்றமான வளவுக்குள் கால் வைக்கும் அந்த நிலைப்படியில் நிற்கும் பிள்ளையைத்தான் இந்தப் போட்டி மேடையேற்றியது.

எல்லா நடன மரபிலும் இளமையின் கணக்கு ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையார் 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது 7. அபிநயத்துக்கு அவர் பெயர் எடுத்ததோ, அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கழிந்து, நடுவயதைக் கடந்தும் ஆடிய பதங்கள் என்னும் அபிநயப் பாடல்களால். பரதத்தில் முகமும் கையும் பேசும் பேச்சு வயதோடு சேர்ந்து கனியும். பாலேயில் குதிப்பும் சுழற்சியும் வயதோடு சேர்ந்து தளரும். ஆகவே 21 என்ற எல்லையைப் பார்த்து, அதைத் தாண்டினால் நடனமே முடிந்துவிட்டது என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. அந்த எண் பாலே மரபின் வாழ்க்கைக் கணக்கிலிருந்து வந்தது.

மாணவியின் கேள்விக்கு இப்போது வருவோம். வேறு வேறு ஆட்டத்தை எப்படி ஒப்பிடுவது? பட்டிமன்றத்தைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சா. கணேசன் அவர்கள் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து, ஒரே காப்பியத்தின் ஒரே பாத்திரத்தைப் பற்றி இருவர் நேரெதிராகப் பேசுவதையும், நடுவர் இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதையும் இந்த வட்டாரம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறது. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்களைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். ஒருவர் அடுக்குமொழியில் முழங்குவார். இன்னொருவர் மெல்லிய குரலில் வாதத்தை இழை இழையாகப் பிரிப்பார். இருவர் நடையும் வேறு. ஆனாலும் எடுத்துக்கொண்ட பொருளுக்கு எவர் உண்மையாக நின்றார், சொல்ல வந்ததை எவர் முழுமையாகச் சொல்லி முடித்தார் என்று நடுவரால் எடை போட முடிகிறது. நடன நடுவரும் அதைத்தான் செய்கிறார். பாலே ஆடியவரை, அந்த இளைஞன் ஆடியது போன்ற தற்கால நடனத்தின் அளவுகோலால் அவர் அளப்பதில்லை. ஒவ்வொருவரும் தாம் எடுத்துக்கொண்ட ஆட்டம் கேட்பதை எவ்வளவு தூரம் நிறைவேற்றினார் என்பதை முதலில் பார்க்கிறார். அதன் பிறகே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்.

அப்படிப் பார்க்கும்போது அவர் கண் எங்கெங்கே போகிறது என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி. முதலாவதாக, உடலின் ஒழுங்கு. பாலேயைக் கண்டிராத பரத மாணவிக்கு நான் முதலில் காட்டுவது முட்டியைத்தான். முட்டியை மடித்துப் பாதி அமரும் நிலையான அரைமண்டியில் அமரும்போது முட்டி இரண்டும் பக்கவாட்டில் விரிய வேண்டும்; அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டுமே தவிர, பாதத்தை மட்டும் வலிந்து திருப்பி முட்டியை முறுக்கக் கூடாது என்று தினமும் சொல்கிறேன். பாலேயிலும் அடிப்படை அதுவேதான்: காலை இடுப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் திருப்புவது. நாம் அந்தத் திருப்பத்தோடு பூமியை நோக்கி அமர்கிறோம். அவர்கள் அதே திருப்பத்தோடு வானை நோக்கி எழுகிறார்கள். இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்ட பிறகு, திரையில் ஆடும் அயல்நாட்டுப் பெண்ணின் கால் எப்போது சரியாக இருக்கிறது, எப்போது பாதத்தை மட்டும் திருப்பி ஒப்பேற்றுகிறாள் என்பதை என் மாணவிகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது, இறங்கும் விதம். எவ்வளவு உயரம் குதித்தார் என்பதைத்தான் அரங்கம் கைதட்டிப் பாராட்டும். தேர்ந்த நடுவர் எப்படி இறங்கினார் என்பதைக் கவனிப்பார். முன்பாதம் தரையைத் தொட்டு, பிறகு குதிகால் இறங்கி, முட்டி மடிந்து, எடை படிப்படியாகக் கீழே வந்து சேர வேண்டும். அந்த வரிசை குலைந்தால் 'தொம்' என்று ஓசை கேட்கும். அந்த ஓசையின் விலையைப் பத்து ஆண்டுகள் கழித்து முட்டி கொடுக்கும். 19 வயதுப் பிள்ளை மெத்தென்று இறங்குகிறது என்றால், அதற்கு நல்ல ஆசிரியர் வாய்த்திருக்கிறார், அந்த உடல் நீண்ட நாள் ஆடும் என்று நடுவர் அறிந்துகொள்கிறார். இங்கேயும் 'இளம்' என்ற சொல்தான் வேலை செய்கிறது: அன்றைய ஆட்டத்தோடு சேர்த்து, வரப்போகும் ஆட்டத்தையும் அவர் எடை போடுகிறார்.

பிறகு இசையோடு உள்ள உறவு. தாளத்தின் மேல் கால் விழுவது குறைந்தபட்சத் தேவை. அதற்கு மேல், ஒரு சொற்கட்டை, அதாவது 'தெய்' போன்ற தாளச் சொற்களின் கோவையை, எங்கே இழுத்து எங்கே விடுவது என்பதில் ஆடுபவரின் அறிவு தெரியும். தாளம் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்தில் தட்டுக்கழி பிடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே தீர்மானத்தை, அதாவது ஒரு பகுதியை முடித்துவைக்கும் தாளக் கோவையை, இரண்டு பிள்ளைகள் ஆடினால், ஒருத்தி கடைசி 'தெய்'யில் முடித்துவிட்டு நிற்பாள்; இன்னொருத்தி அந்தத் 'தெய்' முடிந்த பிறகும் ஒரு நொடி அந்த நிலையை உயிரோடு வைத்திருப்பாள். அந்த ஒரு நொடி எந்த நடன மரபிலும் கண்ணில் படும்.

கடைசியாக, ஆடுபவர் தம்முடையது என்று எதைக் கொண்டுவருகிறார் என்பது. 20 வயதில் எல்லோரிடமும் ஆசிரியரின் சாயல் இருக்கும்; இருப்பதில் குற்றமும் இல்லை. அந்தச் சாயலுக்கு நடுவே இந்தப் பிள்ளைக்கே உரிய ஓர் அசைவு, ஒரு தயக்கம், ஒரு துணிவு தெரிகிறதா என்று நடுவர்கள் தேடுகிறார்கள். இதற்கு எண்ணால் மதிப்பெண் கொடுப்பது கடினம். நடனப் போட்டித் தீர்ப்புகளில் பிணக்கு வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பட்டிமன்ற நடுவர் தம் தீர்ப்புக்கான காரணத்தை அரைமணி நேரம் எடுத்து விளக்கிவிட்டுத்தான் எழுவார். தொலைக்காட்சி நடன நடுவருக்கு அந்த நேரம் தரப்படுவதில்லை. இது ஒரு பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். காரணம் சொல்லப்படாத தீர்ப்பிலிருந்து, தோற்ற பிள்ளையும் கற்பதில்லை, வீட்டிலிருந்து பார்க்கும் பிள்ளையும் கற்பதில்லை.

போட்டியின் நடைமுறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறொரு நகரத்தில் நடந்தது. தொடக்கக் காலத்தில் தனியாகவும் இணையாகவும் ஆடினார்கள். முதற்சுற்றில் தேறியவர்கள் இறுதிக்குப் போனார்கள். 2005க்குப் பிறகு ஓர் இடைவெளி விழுந்து, 2011இல் ஆஸ்லோவில் மீண்டும் தொடங்கியபோது அமைப்பு மாறியது. ஒவ்வொருவரும் தனி ஆட்டம் ஆடி முடித்ததும், நடுவர்கள் இருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த இருவரும் மேடையில் நேருக்கு நேர் நின்று சிறிது நேரம் ஆட, அவர்களில் ஒருவரை நடுவர்கள் வெற்றியாளராக அறிவிப்பார்கள். என் மாணவி கைப்பேசியில் காட்டியது இப்படிப்பட்ட ஒரு மோதல் ஆட்டத்தைத்தான்.

பார்வையாளர் வாக்கு இதில் இருந்ததில்லை என்பது கவனிக்கத் தக்கது. அதே ஒன்றியத்தின் பாட்டுப் போட்டியில் 1990களின் பிற்பகுதியிலிருந்து தொலைபேசி வாக்கு பெரும்பங்கு வகிக்கிறது. வயதுவந்த இணையர்கள் ஆடும் யூரோவிஷன் நடனப் போட்டி என்ற வேறொரு நிகழ்ச்சியை 2007இல் லண்டனிலும் 2008இல் கிளாஸ்கோவிலும் நடத்தியபோதும் மக்கள் வாக்குக்கு இடம் இருந்தது. இளம் கலைஞர்களுக்கான போட்டியில் மட்டும் நடன அமைப்பாளர்கள், முன்னாள் நடனமணிகள் போன்ற துறை வல்லுநர்களே தீர்ப்பளித்தார்கள். இது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. 17 வயதுப் பிள்ளையின் ஆட்டத்தை, 'பக்கத்து நாடு எங்களுக்கு வேண்டியதா வேண்டாததா' என்ற கணக்கில் இலட்சக்கணக்கானோர் எடைபோடுவது, அந்த வயதின் மேல் ஏற்றக் கூடாத சுமை.

இப்போது, நாம் திரையில் காண்பதற்கும் நடுவர் அரங்கில் காண்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிப் போட்டியைப் புரிந்துகொள்ள இது மிகத் தேவை. நடுவர் ஓர் இடத்தில் அமர்ந்து, மேடை முழுவதையும், ஆடுபவரின் தலை முதல் பாதம் வரையிலும், இடைவிடாமல் பார்க்கிறார். நமக்கோ பல கேமராக்களில் ஒன்று மட்டும் காட்டப்படுகிறது; எந்த நொடியில் எந்தக் கேமரா என்று முடிவு செய்பவர் நிகழ்ச்சி இயக்குநர். முகத்தை நெருக்கத்தில் காட்டும்போது கால் மறைந்துவிடுகிறது. கடினமான சுழற்சியின் நடுவில் கோணம் மாறினால், எத்தனை சுற்றுச் சுற்றினார் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது. தாழ்ந்த கோணத்திலிருந்து எடுத்தால் குதிப்பு உயரமாகத் தோன்றும். மேலிருந்து எடுத்தால் அதே குதிப்பு தட்டையாகத் தோன்றும். அமெரிக்கத் திரைநடனக் கலைஞர் பிரெட் அஸ்டேர் தம் நடனக் காட்சிகளை, முழு உடலும் தெரியும்படி, கூடியவரை வெட்டில்லாமல் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார் என்பது வரலாறு. ஆடுபவருக்குத் தம் பாதம் எவ்வளவு முக்கியம் என்பதை அவர் அறிந்திருந்தார். பரதத்தை எடுப்பவர்களுக்கு இன்னும் ஒரு சங்கடம் உண்டு: கண்ணசைவைக் காட்ட நெருங்க வேண்டும், காலும் கையும் சேர்ந்த அசைவான அடவைக் காட்ட விலக வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

நேர எல்லையும் திரை விதிக்கும் ஒரு கட்டுப்பாடுதான். பரதத்தின் நெடிய ஆட்ட உருப்படியான ஒரு வர்ணத்தை முறையாக ஆட முக்கால் மணி நேரம் ஆகலாம். தொலைக்காட்சிப் போட்டியில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்கு என் மாணவியை அழைத்துச் சென்றிருந்தேன். ஐந்து நிமிடம் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். அன்று காலை அதை மூன்று நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். பிள்ளை பல்லவியின் தீர்மானத்துக்குள் நுழைந்து கால் உயர்த்திய நொடியில் மணி அடித்துவிட்டது. கால் அந்தரத்தில் நிற்க அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து, குறுகிய நேரத்துக்கு ஆட வேண்டுமென்றால் நெடிய உருப்படியை வெட்டிக் கொடுப்பதில்லை. அந்த நேரத்துக்குள் தொடங்கி, வளர்ந்து, முடியும் சிறிய உருப்படியாகவே தேர்ந்து கொடுக்கிறேன். ஐரோப்பியப் போட்டியில் ஆடியவர்கள் பலர் அந்த அளவுக்கென்றே ஒரு நடன அமைப்பாளரைக் கொண்டு ஆட்டத்தைப் புதிதாக அமைத்துக்கொண்டதன் காரணமும் இதுவே.

தரையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஆடுபவருக்கு அதுதான் உயிர். பாலேக்கும் தற்கால நடனத்துக்கும் மேடையில், மரச்சட்டங்களின் மேல் இடைவெளி விட்டு அமைத்து, காலை ஊன்றும்போது சற்றே அமுங்கி எழும் மரத்தளம் போடுவார்கள். அதன் மேல் வழுக்காத வினைல் விரிப்பு ஒட்டப்படும். எங்கள் வகுப்பு நடப்பது பழைய வீடொன்றின் கூடமான பட்டாலையில். தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கல்லின் குளிர்ச்சிக்கும் பளபளப்புக்கும் ஈடில்லை. ஆனால் அது சிறிதும் அமுங்காது. அதன் மேல் நீண்ட நேரம் தட்டடவு ஆடினால் குதிகாலும் கணுக்காலும் பதில் சொல்லும். ஆகவே நான் ஒரே மூச்சில் நெடுநேரம் ஆடவிடுவதில்லை. குதிப்புள்ள அடவுகளைக் குறைத்துத்தான் வைக்கிறேன். அயல்நாட்டுப் பிள்ளைகளின் குதிப்பைப் பார்த்துவிட்டு வீட்டுத் தரையில் அதைச் செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்: அந்தக் குதிப்பில் பாதி அந்தத் தரையின் உதவி.

'இளம்' என்ற சொல்லை இன்னும் ஆழமாக எடுத்துக்கொண்ட போட்டிகளும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1973இல் தொடங்கிய பிரி டி லோசான் போட்டியில் 15 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் உலகெங்கிலுமிருந்து கலந்துகொள்கிறார்கள். அங்கே மேடை ஆட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. அந்த வாரம் முழுவதும் நடக்கும் பயிற்சி வகுப்பில் பிள்ளை எப்படிக் கற்கிறது, திருத்தம் சொன்னால் அடுத்த முறை அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதையும் நடுவர்கள் அமர்ந்து பார்க்கிறார்கள். வெற்றி பெற்றவருக்குக் கிடைப்பது புகழ்பெற்ற நடனப் பள்ளியிலோ குழுவிலோ ஓராண்டு பயில்வதற்கான உதவித்தொகை. ஹவானாவில் லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்த கார்லோஸ் அகோஸ்டா 1990இல் அங்கே தங்கப் பதக்கம் பெற்று, பின்னர் லண்டனில் ராயல் பாலேயின் முதன்மைக் கலைஞராக உயர்ந்தார். கோப்பையைக் கொடுத்து அனுப்புவதை விடப் படிப்பைக் கொடுத்து அனுப்புவது இந்த வயதுக்குப் பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நம் ஆட்டத்துக்கு அருகில் வருவது பிரிட்டனின் பிபிசி 2015இல் தொடங்கிய இளம் நடனக் கலைஞர் போட்டி. அது ஒரு நாட்டுக்குள் நடப்பது என்றாலும், பாலே, தற்கால நடனம், தெரு நடனமான ஹிப் ஹாப் ஆகியவற்றோடு தெற்காசிய நடனத்துக்கும் முதலிலேயே தனிப் பிரிவு வைத்தது. தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பிரிவிலும் வென்றவர்கள் இறுதியில் ஒரே மேடையில் சந்தித்தார்கள். வட இந்திய நடனமான கதக் ஆடியவர்கள் அந்த இறுதி மேடையில் நின்றிருக்கிறார்கள். 2022இல் அந்தப் போட்டியில் முதலிடம் பெற்றவர் பரதநாட்டியம் ஆடிய ஆத்யா சாஸ்திரி. இதைச் சொன்னபோது என் மாணவியின் முகம் மலர்ந்தது; மறைக்காமல் சொல்கிறேன், என் முகமும்தான். பாலே ஆடியவர்களையும் தெரு நடனம் ஆடியவர்களையும் பார்த்துப் பழகிய நடுவர்கள், அரைமண்டியில் அமர்ந்த ஓர் உடலைப் பார்த்து அதன் ஒழுங்கையும் உயிர்ப்பையும் கண்டுகொண்டார்கள் என்றால், வேறு வேறு ஆட்டங்களை ஒப்பிட முடியுமா என்ற அவளுடைய கேள்விக்கு அதைவிடத் தெளிவான சான்று எதைக் காட்டுவேன்?

யூரோவிஷன் இளம் நடனக் கலைஞர்கள் போட்டி 2017இல் பிராகாவில், ஸ்லோவேனியா வென்றதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. உடன்பிறப்பான இளம் இசைக்கலைஞர்கள் போட்டி மட்டும் தொடர்கிறது. நடனத்தை நேரலையில் காட்டத் தனித் தளமும், பல கேமராக்களும், நீண்ட ஒத்திகையும் வேண்டும். வயலின் வாசிப்பவருக்கு ஒரு நாற்காலி அளவு இடம் போதும். 1985இலிருந்து அந்த மேடையில் ஏறி இறங்கிய பிள்ளைகளை நினைக்கும்போது, இந்த நிறுத்தம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பழைய நிகழ்ச்சிகளின் காணொளிகள் பல இணையத்தில் கிடைக்கின்றன. முதன்முதலில் பார்ப்பவர்கள் ஓர் ஆட்டத்தை இரண்டு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை இசையோடு சும்மா பாருங்கள். இரண்டாம் முறை, முகத்தைப் பார்க்காமல், இடுப்புக்குக் கீழே மட்டும் கண்ணை வையுங்கள்; கேமரா விலகும்போதெல்லாம் பாதம் எப்படித் தரையைத் தொடுகிறது என்று கவனியுங்கள்.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி அப்படித்தான் பார்த்தாள். இசை அடங்கும் இடம் வந்ததும், மேடையில் வைத்திருந்த ஒலிவாங்கியில் காலோசை பிடிபடும் என்று நான் சொல்லியிருந்ததால், ஒலியை முழுவதும் கூட்டிவைத்துக் காத்திருந்தாள். பக்கத்தில் அப்பத்தாவும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். அந்த இளைஞன் மூன்று முறை எழும்பி இறங்கினான். முதல் இரண்டு முறையும் எந்த ஓசையும் வரவில்லை. மூன்றாவது முறை மட்டும் லேசாகத் 'தொம்' என்று கேட்டது. "கடைசியில கால் ஓஞ்சு போச்சு ஆத்தா அவுகளுக்கு" என்றார் அப்பத்தா. மாணவி காணொளியைப் பின்னுக்கு இழுத்து, அந்த மூன்றாவது குதிப்பை மறுபடியும் ஓடவிட்டாள்.